வாரநாள் கணக்கு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அப்பாவுக்குப் பொழுது போகவில்லை. "மனுசன் காத்தாடியக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டே இருக்காரு. நீயாவது வந்து ஏதாச்சும் பண்ணும்மா" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். அந்த வாரக் கடைசியில் பிறைக்குக் கிளம்பினேன். பையில் ஒரு எஸ்டி அட்டை இருந்தது.

அப்பா தானாகப் பேச ஆரம்பிக்கும் விஷயங்கள் குறைவு. அதில் ஒன்று மைக்ரோ ஜீனியஸ். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் சித்தப்பாவும் காசு சேர்த்து பாசார் மாலமில் வாங்கியது. நிண்டெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் தைவான் நகல் அது. நகல் என்றெல்லாம் அப்பாவுக்குத் தெரியாது. ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, இரண்டு பேரும் தூங்காமல் 'டாங்கி கேம்' ஆடுவார்களாம். பேட்டில் சிட்டியைத்தான் அப்படிச் சொல்வார்.

மைக்ரோ ஜீனியஸ் போன இடம் தெரியவில்லை. ஆனால் அலமாரிக்கு மேல் எங்கள் வீ இருந்தது. 2008 டிசம்பரில் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஃபேமிகாமின் செயலி ஏறக்குறைய 1.8 மெகாஹெர்ட்ஸ், வீயுடையது 729. சின்ன மென்பொருள் ஒன்றை ஏற்றினால், தன்னை ஃபேமிகாம் என்று நினைத்துக்கொண்டு பழைய விளையாட்டுகளை அது ஓட்டும். இதைத்தான் எமுலேட்டர் என்கிறோம். முன்பு நிண்டெண்டோவே பழைய விளையாட்டுகளை வீ கடையில் காசுக்கு விற்றது. 2019 ஜனவரியில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள். இனி பின்வாசல்தான்.

பின்வாசலுக்கு லெட்டர்பாம் என்று பெயர். வீயின் மென்பொருள் 4.3ஆக இருக்க வேண்டும். கருவியின் மேக் முகவரியைக் கொடுத்தால் அதற்கென்றே ஒரு கடிதம் தயாராகும். அதை எஸ்டி அட்டையில் போட்டுச் செருகிவிட்டு, வீயின் மெசேஜ் போர்டைத் திறந்தால் குண்டுப் படம் போட்ட சிவப்புக் கடிதம் ஒன்று வந்திருக்கும். திறந்ததும் கருவி தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தில் நம் மென்பொருள் உள்ளே நுழைந்துகொள்ளும்.

எனக்குக் கடிதம் வரவில்லை. நேர வித்தியாசத்தால் முந்தைய நாளில் கிடக்கலாம், பின்னால் தள்ளிப் பார் என்றிருந்தது வழிகாட்டிக் குறிப்பில். தள்ளினேன். இல்லை. காலண்டரைத் திறந்தேன். விரல் ஆர்வத்தில் வருடங்களைத் தாண்டி 2009க்குப் போய்விட்டது.

வீ ஒவ்வொரு நாளும் எந்த விளையாட்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று மெசேஜ் போர்டில் தானாகவே எழுதி வைக்கும். அழிக்க முடியாது. பிள்ளைகள் ஆடிய நேரத்தைப் பெற்றோர் தெரிந்துகொள்ள அது ஒரு வசதி. 2009இல் நான் படிவம் மூன்று, பிஎம்ஆர் வருடம். தம்பி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. சனி ஞாயிறு மட்டும்தான் ஆடலாம் என்பது வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவர் அப்பா.

பிப்ரவரி 16, திங்கட்கிழமை: வீ ஸ்போர்ட்ஸ், 3 மணி 40 நிமிடம். செவ்வாய்: 4 மணி 15. புதன், வியாழன், வெள்ளி. அடுத்த வாரமும் அப்படியே.

முதலில் தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். அவனும் நானும் மதியம் வரை பள்ளியில். அம்மா பள்ளிக் கேண்டீனில். அப்பா தொழிற்சாலைச் சட்டையோடு ஆறரைக்கே மோட்டாரை எடுத்துவிடுவார்.

பிறகு மார்ச் மாதப் பள்ளி விடுமுறை வாரத்துக்கு வந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஒன்றுமே இல்லை. நாங்கள் வீட்டில் இருந்த ஐந்து நாளும் காலி. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் பினாங்கு மின்னணுத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது. அப்பா ஜூனில்தான், "கம்பெனி மாறிட்டேன், இப்ப செக்யூரிட்டி" என்றார். கடைசி வாரநாள் கணக்கு மே 29. மூன்றரை மாதம் அவர் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, நாங்கள் எல்லாரும் போனபிறகு திரும்பி வந்து, ஃபேனுக்குக் கீழே நின்று பந்து உருட்டியிருக்கிறார். வீ ஸ்போர்ட்ஸ் பவுலிங்கில் ஆயிரம் புள்ளி தாண்டினால் 'ப்ரோ'. சனிக்கிழமைகளில் அவர் எங்களைத் தோற்கடிப்பார். "அப்பாவுக்குக் கை ராசி" என்று தம்பி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டான்.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா. மோட்டார்ல எண்ணெய் குறையவே இல்ல. டப்பா மட்டும் காலியா வரும்."

"ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா அந்த மனுசனுக்கு இருக்கறதுக்கு ஒரு எடமும் இல்லாமப் போயிருக்கும்."

"லீவு வாரத்துல எங்க போனாரு?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

சிவப்புக் கடிதம் கடைசியில் கிடைத்தது. கருவியின் கடிகார பேட்டரி செத்து, தேதி தப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் வந்துவிட்டது. ஹோம்ப்ரூ சேனலோடு பூட்மீயையும் ஏற்றினேன். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப, வீயின் 512 எம்பி நினைவகம் முழுவதையும் அது அட்டையில் நகலெடுத்துத் தரும். பலர் சோம்பல்பட்டுத் தாண்டிவிடும் படி இது. நான் இரண்டு பிரதி எடுத்தேன். அப்பாவின் மூன்றரை மாதமும் அதற்குள் இருக்கிறது. அந்தக் காலியான ஐந்து நாளும்.

அவரிடம் சொல்ல வேண்டுமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். தெரியும் என்று காட்டுவதும் ஒருவகைக் கேள்விதான். பதினைந்து வருடத்துக்கு மேல் அம்மா கேட்காமல் வைத்திருந்ததை நான் ஒரு சனிக்கிழமை காலையில் கேட்டு வாங்கிவிட முடியாது.

காலையில் பசியாறியதும் எஃப்சிஇ அல்ட்ரா ஜிஎக்ஸில் பேட்டில் சிட்டியைத் திறந்து, ஒரு ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். பழைய இசை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அட, டாங்கி! எங்கம்மா பிடிச்ச?"

"நம்ம வீலதான்பா."

"இதுலயா?" என்று கருவியையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

பேட்டில் சிட்டியில் கீழே செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு இருக்கும். எதிரி டாங்கிகள் அதைச் சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது.

"நீ மேல போய் அடி" என்றார் அப்பா. "நான் இங்கயே நிக்கறேன்."

ஆறு நிலை தாண்டினோம். என் டாங்கி பலமுறை வெடித்தது. அவருடையது கழுகின் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.