31 வீதம்

பெரியப்பாவின் றிப்போட் வட்ஸ்அப்பில் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் கம்பஸ் கன்ரீனில் இருந்தோம். சீடி 5, சீடி 19, சீடி 23 எல்லாம் பொசிற்றிவ். சீடி 20 மங்கலாம். கீழே தனியாக ஒரு வரி: சீடி 38, 31 வீதம்.

கலைப்பீடத்துப் பிள்ளைகள் வேறென்ன செய்வது, கூகிள் பண்ணினோம். சீஎல்எல் என்கிற நாட்பட்ட லுக்கேமியாவில், நோய்க் கலங்களில் 30 வீதத்துக்கு மேல் சீடி 38 இருந்தால் நோய் வேகமாகப் போகும் என்று முதலில் திறந்த பக்கமே சொன்னது. ஒரே ஒரு வீதத்தால் பெரியப்பா அந்தப் பக்கம்.

வெட்டுப்புள்ளி எங்களுக்குப் புதிதில்லை. எங்களில் ஒருவர் இசட் புள்ளியில் மயிரிழையில் சட்டபீடத்தைத் தவறவிட்டவர். அடுத்த வருசம் அதே புள்ளிக்கு இடம் கிடைத்திருக்கும். இது தெரிந்தும் 31 என்ற எண்ணைக் கண்டு நடுங்கினோம்.

பெரியப்பா கோல் எடுத்தார். "என்னவாம் பிள்ளையள்?"

"வருத்தம் இருக்கெண்டு மட்டும்தான் பெரியப்பா போட்டிருக்கு. மிச்சம் கிளினிக்கில சொல்லுவினம்."

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. உடம்பு ஏலாது, இந்தப் போகம் வயலைக் குத்தகைக்குக் குடுங்கோ என்று மாறி மாறிச் சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் குடுத்தும் விட்டார். நாங்கள் பிறந்ததிலிருந்து அவர் விதைக்காமல் விட்ட காலபோகம் இது ஒன்றுதான்.

கிளினிக்குக்கு இரண்டு கிழமை இருந்தது. அந்த இரண்டு கிழமையும் வாசித்தோம். இந்தச் சீடி இலக்கங்கள் கலத்தின் வெளிச்சுவரில் நிற்கும் புரதங்களின் பெயர்கள். ஒளிரும் சாயம் பூட்டிய பிறபொருளெதிரிகளை இரத்தத்தில் கலந்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசருக்கு முன்னால் ஓடவிட்டு, எத்தனை ஒளிர்கின்றன என்று எண்ணுகிறார்கள். 1975 இல் றாய், 1981 இல் பினே என்பவர்கள் நோய்க்குப் படிநிலை வகுத்திருந்தார்கள். ஆனாலும் ஒரே படியில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் இருபது வருசம் மருந்தில்லாமல் வாழ்வதும் மற்றவர் கெதியில் விழுவதும் ஏனென்று தெரியவில்லை. 1999 இல் நியூயோர்க்கில் டாம்லே, சியோராசி குழுவினர் இந்தச் சீடி 38 ஐக் காட்டியபோது அதனால்தான் அவ்வளவு வரவேற்பு.

பிறகுதான் வில்லங்கம். 30 தான் கோடு என்று எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் 20 என்றார்கள், சிலர் 7 என்றார்கள். ஒரே ஆளிலேயே அந்த அளவு காலப்போக்கில் மாறவும் கூடும். அதைவிட சீடி 49டி நம்பத்தக்கது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கலத்தை என்பு மச்சையிலும் நிணநீர்க் கணுவிலும் நங்கூரம்போலப் பிடித்துவைக்கும் புரதம் அது. பெரியப்பாவின் றிப்போட்டில் அது பார்க்கப்படவேயில்லை. 2016 இல் வந்த சர்வதேசச் சுட்டெண்ணில் ஐந்து விசயங்கள் இருக்கின்றன: வயது, படிநிலை, இரத்தத்தில் பீற்றா-2 மைக்ரோகுளோபியூலின், டிபி53 மரபணுவின் நிலை, ஐஜிஎச்வி மரபணு மாறியிருக்கிறதா இல்லையா. சீடி 38 அந்த ஐந்தில் இல்லை.

இதை வாசித்த இரவு எங்களுக்குச் சந்தோசம் வரவில்லை. வயல்தான் நினைவுக்கு வந்தது.

கிளினிக்கில் டொக்டர் கழுத்தையும் கமக்கட்டையும் தடவிப் பார்த்தார். கட்டி இல்லை, குருதிச்சோகை இல்லை, மெலிவும் இல்லை. "இப்ப மருந்து தேவையில்லை ஐயா. மூண்டு மாதத்தால வாங்கோ" என்றார்.

எழும்பப் போன பெரியப்பா திரும்ப இருந்தார். சேட் பொக்கற்றிலிருந்து நாலாக மடித்த பேப்பர் ஒன்றை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பொடியனிடம் பிரிண்ட் எடுத்திருக்கிறார்.

"உந்த முப்பத்தொண்டு என்ன டொக்டர்? பிள்ளையள் அதைப் பற்றி வாயே திறக்கயில்லை."

நாங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அடையாளங்களில் ஒன்றுதான், அதைமட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை, வருத்தக்குறி வந்தால் பார்ப்போம் என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப வயல் செய்யலாமோ?"

"தாராளமா."

பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் இருந்தார். பரந்தன் தாண்டும்வரை ஒரு கதையும் இல்லை. வெளியே உழுது கிடந்த வயல்களைப் பார்த்தபடி, "குத்தகைக் காசை ரெண்டு பேரும் பிரிச்சு எடுங்கோ. எனக்கு வேண்டாம்" என்றார்.

நாங்கள் இன்னும் அதைத் தொடவில்லை.