ஏட்டுக் கல்வியும் ஏர்க் கல்வியும்

உழவைப் போற்றாத தமிழ்ப் புலவர் அரியர். வள்ளுவப் பெருந்தகையும் உழவுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆயினும், உழவைக் கல்லூரியில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயம் எங்கள் ஊரில் இன்றும் உண்டு. "ஏர் பிடிக்கப் பட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களுள் என் தந்தையாரும் ஒருவராக இருந்தார்.

சென்ற சம்பாப் பருவத்தில் வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவியர் சிலர் கிராமத்தில் தங்கிப் பயிற்சி பெற எங்கள் ஊருக்கு வந்தனர். அப்போது எங்கள் வயலில் ஆங்காங்கே நடுக்குருத்து காய்ந்திருந்தது. உரம் போதவில்லை என்று எண்ணி யூரியா தூவ முனைந்தார் தந்தையார். ஒரு மாணவி வயலில் இறங்கிக் காய்ந்த குருத்தைப் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்துவிட்டது. தண்டைப் பிளந்து உள்ளிருந்த புழுவைக் காட்டினார். "இது குருத்துப்பூச்சி ஐயா. இப்போது யூரியா போட்டால் பூச்சி இன்னும் பெருகும்" என்றார். எங்கே கற்றாய் அம்மா என்று கேட்டார் தந்தையார். "எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவரையும் வயலில் இறக்கி இழுத்துப் பார்க்கச் சொல்வார்" என்பதே விடை.

'ஒவ்வொருவரையும்' என்ற அந்தச் சொல்லே என்னைச் சிந்திக்க வைத்தது.

1868இல் சைதாப்பேட்டையில் ஒரு பள்ளியாகத் தோன்றிய நம் வேளாண் கல்வி, பின்னர் கோவைக்குச் சென்று கல்லூரியாக வளர்ந்து, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக மலர்ந்தது. வங்கப் பஞ்சத்தின் கொடுமை கண்டு நெஞ்சுருகிய எம். எஸ். சுவாமிநாதன், விலங்கியல் பட்டம் பெற்றபின் கோவை வேளாண் கல்லூரியில் சேர்ந்தார் என்பது நம் போன்ற கலைக்கல்லூரி மாணவர் அறிய வேண்டிய செய்தி.

இன்று உறுப்புக் கல்லூரிகளோடு இணைப்புக் கல்லூரிகளும் பெருகியுள்ளன. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசுப் பள்ளி மாணவர்க்கு வேளாண் படிப்பிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை கிடைத்தது. இவை மகிழத்தக்கனவே. ஆனால் ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பாதிருப்பது இந்திய வேளாண் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் நெடுநாள் குறை. இளநிலைக்கு நான்காண்டு, முதுநிலைக்கு ஈராண்டு, முனைவர் பட்டத்திற்குக் குறைந்தது மூன்றாண்டு எனக் கற்றுத் தேர்ந்த ஆசிரியரை ஒரே நாளில் உருவாக்கிவிட முடியுமா?

நூறு பேருக்கு ஒருவரே நின்று பொருளியல் சொற்பொழிவு ஆற்றலாம். நாங்கள் கேட்டுக் குறிப்பெடுப்போம். நூறு பேரையும் ஒருவரே சேற்றில் இறக்கிக் குருத்தை இழுக்க வைக்க இயலாது. அப்போது புழுவைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள் பட்டதாரிகளாக வெளிவருவார்கள். அவர்கள் சொல்லை எந்த உழவர் நம்புவார்?

நாற்றங்காலில் விதையை நெருக்கி விதைத்தால் நாற்று மெலியும் என்பது உழவர் அறிந்த உண்மை. கல்லூரியும் ஒரு நாற்றங்காலே. மாணவர் இடங்களைக் கூட்டுக. கூட்டும்போதெல்லாம் ஆசிரியரையும் கூட்டுக! அப்போதுதான் ஏட்டுக் கல்வி வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறங்கும்.