அஞ்சே அஞ்சு காப்பி

2023 ஜூலை 16. ஞாயித்துக்கிழமைன்னும் பாக்காம ஆணி. ஒரு எர்ரர் மெசேஜைத் தேடலாம்னு கூகுளைத் திறந்தா, முகப்புல ஒரு டூடுல். ஜரீனா ஹாஷ்மியோட 86-வது பிறந்தநாளாம். யாருடா இவங்கன்னு க்ளிக் பண்ணதுல எர்ரர் மறந்தே போச்சு :-)

1937-ல் அலிகாரில் பிறந்தவர். படித்தது கணிதம். அப்புறம் பாரிஸில் ஹெய்ட்டரின் பட்டறையில் அச்சுக்கலை, ஜப்பானில் மரச்செதுக்கு. கடைசியில் நியூயார்க்கில் தங்கிவிட்டார். 2020-ல் லண்டனில் காலமானார். பிரிவினைக்குப் பின்னால் குடும்பம் கராச்சிக்குப் போய்விட, பிறந்த வீடு என்று திரும்பிப் போக ஒன்றும் மிச்சமில்லை. 1999-ல் 'ஹோம் இஸ் எ ஃபாரின் ப்ளேஸ்' என்று 36 மரச்செதுக்குப் படங்கள் செய்தார். வாசல், முற்றம் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு உருது வார்த்தை. மற்றபடி கோடுகள்தான். மொத்தம் 25 செட்.

இந்த 25-தான் எனக்கு உறுத்துச்சு. பொட்டி தட்டுற நமக்கு காப்பி எடுக்கறது ஓசி. கட்டை கையில இருக்கும்போது 26-வது ஏன் கூடாது? விலை ஏத்துற வியாபாரத் தந்திரம்னுதான் நெனச்சேன். (அதுவும் இருக்கு, இல்லாம இல்லை.)

அதே வருஷம்தான் கும்பகோணம் பக்கம் இருந்த தாத்தா வீட்டை வித்தோம். வாங்கினவர் இடிச்சிட்டார். ஜரீனா தான் குடியிருந்த வீடுகளின் தரைப்படத்தையே 1997-ல் படங்களாகப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துட்டு, ரெண்டு நாள் வாரக்கடைசி வகுப்பு ஒன்றில் சேர்ந்து பலகையும் உளியும் வாங்கினேன். திண்ணை, ரேழி, முற்றம், அடுப்பங்கரை, கொல்லையில் கிணறு. தாத்தாவுக்குப் பிள்ளைகள் அஞ்சு பேர், அதனால அஞ்சு காப்பி.

மரச்செதுக்கில் கோட்டைச் செதுக்குவதில்லை மக்களே! கோடு வேணும்னா அதைச் சுத்தி இருக்கிற எல்லாத்தையும் வெட்டி எடுக்கணும். மேடாக நிற்பதில் மட்டும்தான் மை ஒட்டும். இது புரிஞ்சப்புறம் ஜரீனாவின் 'டிவைடிங் லைன்' (2001) படத்தைத் திரும்பப் பார்த்தேன். இந்திய-பாகிஸ்தான் எல்லை, ஒரு தடித்த கறுப்புக் கோடு, அவ்வளவுதான். ரெண்டு பக்கத்து நிலத்தையும் அவர் உளியால் சுரண்டி எடுத்திருக்கிறார், மிஞ்சினது கோடு. கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வெச்சிட்டேன்.

என் சுவருக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு. உளி வழுக்கினா அன்டூ கிடையாது. ரேழிச் சுவர் ஒரு இடத்தில் பிஞ்சே போச்சு. உருளையால் மை தடவி, மெல்லிசு நேபாளக் காகிதத்தை வெச்சு, கரண்டி முதுகால் தேய்ச்சு எடுத்தேன். கீழே பென்சிலில் 1/5, 2/5 என்று நம்பர். இத்தனைக்கு மேல் எடுக்க மாட்டேன் என்பதற்கு அத்தாட்சியாகக் கட்டையின் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுவது வழக்கமாம். கத்தியை வெச்சுப் பார்த்தேன். முடியலை. கட்டை பீரோவில் கிடக்கு. நான் ஆறாவது எடுக்கலைங்கறதுக்கு என் வார்த்தைதான் கேரண்டி.

முதல் காப்பி மூத்த அத்தைக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"ஏண்டா, கிணறு வலது கைப் பக்கம்ல இருக்கும்?"

போச்சு! அச்சு கண்ணாடி மாதிரி திரும்பித்தான் விழும். வகுப்பில் முதல் பாடமே அதுதான். இஞ்சினியர் லட்சணம். வீடு மொத்தமும் இடம் வலமா விழுந்திருக்கு, அஞ்சு காப்பியிலும்.

புதுசா செதுக்கித் தர்றேன் அத்தைன்னேன். அவங்க காதில் வாங்கலை. காகிதத்தைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிச்சாங்க. மெல்லிசு காகிதம், மை பின்பக்கம் நல்லாவே தெரிஞ்சது.

"இப்பச் சரியா இருக்கு. ரேழியில சுவர் காரை பேந்து கிடக்குமே, அதைக்கூடப் போட்டிருக்கே."

அப்படியே பின்பக்கமாத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்காங்க. 1/5-ம் என் கையெழுத்தும் சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்கு.