துருவும் மாற்றுறுப்பும்

இரும்பை மனிதன் மண்ணிலிருந்து பிரித்தெடுத்தான்; மண்ணோ அதனை மீளப் பெறும் முயற்சியை ஒருநாளும் கைவிட்டதில்லை. அம்முயற்சியின் பெயரே துரு. நீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் கூடுமிடத்து இரும்பு துருப்பிடிக்கும்; நீரில் உப்புக் கலப்பின் அச்செயல் மேலும் விரைவுபெறும். கடலினின்று மிகத் தொலைவிலுள்ள ஊர் என ஒன்றைச் சுட்ட இயலாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், மோட்டார் வண்டி வாங்கியவர் துருவையும் உடன் வாங்கினார் என்றே கொள்ளலாம். பருத்தித்துறையிலும் காங்கேசன்துறையிலும் உவர்க்காற்று வண்டியின் அடித்தட்டை அரிக்கும். சுண்ணக்கற் பாறையூடு ஊறிவரும் கிணற்றுநீரோ றேடியேற்றரின் உட்குழாய்களிற் சுண்ணமாகப் படிந்து வழியடைக்கும்.

இத்தகைய நிலத்தில் ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய ஆங்கில நாட்டு வண்டிகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓடின என்பது வியப்புக்குரியது. ஏ 40 வரிசையைச் சேர்ந்த சோமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்டது. செய்த தொழிற்சாலை மறந்துவிட்ட வண்டியை யாழ்ப்பாணத்து வாடகைக்கார் ஓட்டுநர் மறக்கவில்லை. அது அவர் வீட்டு அடுப்பெரிய வழிசெய்த வண்டி. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடு புதிய உறுப்புகளை அருமையாக்கியது. 1977இன் பின் வணிகம் திறக்கப்பட, யப்பானிய வண்டிகளும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளின் பழைய உறுப்புகளும் கைக்கெட்டின. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் தடுக்கப்பட்டன. அப்போது குடாநாட்டுக் கராச்சுக்குக் குடாநாடே கடையாயிற்று.

துருப்பிடித்த உறுப்பைக் கழற்றி, அவ்விடத்தில் மற்றொரு வண்டியின் பழைய உறுப்பைப் பூட்டுதல் எளிதெனத் தோன்றலாம். அதன் பின்னுள்ள அறிவு பெரிது. 1952இல் ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு குழுமங்களும் இணைந்தமையால் ஒன்றன் எஞ்சின் மற்றதன் உடலிற் புகுந்தது. மொறிஸ் மைனர் ஒஸ்ரின் எஞ்சினோடு வெளிவந்தது. கேம்பிரிட்ஜும் மொறிஸ் ஒக்ஸ்போட்டும் ஒரே குடும்பத்து எஞ்சினைப் பெற்றன. பெயர் வேறாயினும் உறுப்பு ஒன்றாதல் கூடும் என்பதை இவ்வுறவுமுறை அறிந்தவரே உணர்வர். பெயர் ஒன்றாயினும் உறுப்பு வேறாதலும் உண்டு. ஆங்கில வண்டியின் போல்ற்றுப் புரி அங்குலக் கணக்கிலும் யப்பானிய வண்டியின் புரி மில்லிமீற்றர்க் கணக்கிலும் அமைந்தவை. ஒன்றை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். பழைய ஆங்கில வண்டிகளிற் பற்றறியின் நேர்முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. யப்பானிய வண்டிகளில் எதிர்முனை. இதனை நோக்காது, துருவேறிய டைனமோவை அகற்றி யப்பானிய ஓல்ற்றனேற்றரைப் பூட்டியவர், அது நொடிப்பொழுதிற் கருகக் கண்டிருப்பர். துளைக்குத் துளை பொருந்துவது மட்டும் பொருத்தமன்று. இயல்புக்கு இயல்பு பொருந்துவதே பொருத்தம்.

எதனைப் பழையதாற் பதிலிடலாம், எதனைப் பதிலிடலாகாது என்னும் வரையறையிலேதான் தொழிலாளியின் நேர்மை வெளிப்படும். மட்கார்ட்டும் கதவும் சைலன்சரும் பழையனவாயிருப்பின் ஓசையும் அழகுமே குன்றும். பிறேக் சிலிண்டரின் இறப்பரும், ஸ்ரியறிங் மூட்டும் பழையனவாயின் உயிர் குன்றும். “மாஸ்ரர், ஓடுறதுக்கு வேண்டிய சாமானைப் பழசிலை தேடித் தாறன், நிக்கிறதுக்கு வேண்டியதை மட்டும் பழசிலை கேக்காதேங்கோ” என்று கூறும் கராச்சுக்காரர், நூலொன்றில் எழுதத்தக்க விதியையே கூறுகின்றார். நாட்கூலியை நம்பிய வாடகைக்கார் உரிமையாளரிடம், வண்டியை நிறுத்திவையுங்கள் என்று சொல்வதற்கு வேண்டிய துணிவு சிறிதன்று. அதைக் கேட்டு நடப்பதற்கு வேண்டிய பொறுமையும் சிறிதன்று.

தடைக்காலத்திற் பழைய வண்டிகளுக்கு எதிர்பாராத மதிப்பொன்று வந்தது. பெற்றோல் கிட்டாமையால் மண்ணெண்ணெயே எரிபொருளாயிற்று. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாதது. ஆதலின் சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதனை ஒருவாறு ஏற்றன. அமுக்கம் மிகுந்த புதியன தட்டுப்பட்டுத் திணறின. கொட்டிலிற் கோழி அடைந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. நோயாளரையும் மகப்பேற்றுக்குச் செல்வோரையும் ஏற்றிச் சென்றன.

ஆயினும் மாற்றுறுப்பு எங்கிருந்தோ வரவேண்டும். ஒரு வண்டி ஓடுவதற்கு மற்றொன்று அழிந்திருக்க வேண்டும். குண்டுபட்டுக் கிடந்தது, உரிமையாளர் கடல்கடந்தபின் முற்றத்தில் நின்று மழைநனைந்தது, 1995 ஒக்ரோபர் 30இன் இடப்பெயர்வில் வழியிற் கைவிடப்பட்டது எனக் கொடையாளி வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையுண்டு. துருவேறாத ஒரு றேடியேற்றரைக் கையிலேந்தியவர் தம் பேற்றை எண்ணி மகிழ்ந்த வேளையிலேயே, அது எவருடைய இழப்பு என்பதையும் அறிந்திருந்தார். விலை பேசும்போது குரல் தாழ்ந்தமைக்கு அதுவும் காரணமாகலாம்.

சொற்களிற் பழையவை மறைவதும் புதியவை வந்து சேர்வதும் காலத்தின் இயல்பே, குற்றமன்று என்பது நன்னூலார் கருத்து. குடாநாட்டுக் கராச்சு அதனோடு ஒன்றைச் சேர்த்தது: பழையது கழிந்த இடத்திற் பழையதே புகுதலும் வழுவன்று. 2009இன் பின் குத்தகைக் கடனில் வந்த புதிய வண்டிகளிடையே இவ்வறிவு தேவையற்றதெனப் பலர் கருதினர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் இலங்கை முழுவதும் பழைய வண்டியைப் பேணக் கற்றது. யாழ்ப்பாணத்துக் கராச்சுகளுக்கு அது பழைய பாடம். அப்பாடத்தைக் கற்ற கைகள் முதுமையடைகின்றன. அவற்றின் அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. இரும்புக்கு மாற்றுறுப்பு தேடிக் கொள்ளலாம். அவ்வறிவுக்கு அதனைக் கற்க அருகே நிற்கும் இளைஞனே மாற்றுறுப்பு.