நேத்துக் கள்ளு

போன தை மாதம் புதுச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் பழைய ஒயின் புட்டி ஒன்றைத் திறந்தார்கள். கேபர்னே சோவினியோன் என்கிற கருந்திராட்சையில் செய்த பிரெஞ்சு ஒயின். 2005-ஆம் வருசத்து அறுவடை. கூட்டம் முடிந்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நான் குடிக்கிறவனில்லை. ஆனாலும் நண்பர் அந்தப் புட்டியைக் கையாண்ட விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படுக்க வைத்திருந்த புட்டியை, அடியில் மண்டி இறங்கட்டும் என்று ரெண்டு நாளாக நிமிர்த்தி வைத்திருந்தாராம். ஆடாமல் அசையாமல் வேறொரு கண்ணாடிக் குடுவைக்கு ஊற்றினார்.

பேச்சு அதைப்பற்றித் திரும்பியது. இந்தத் திராட்சைக்குப் பழம் சின்னது, தோல் தடிமன். அதனால் சாற்றில் துவர்ப்பு அதிகம். புதுசாகக் குடித்தால் பச்சைப்பாக்கு கடித்த மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கும். வருசக்கணக்கில் கிடக்கக் கிடக்கத் துவர்ப்பு ஒன்றோடொன்று கோத்துக் கனத்து மண்டியாக அடியில் தங்கிவிடும். ஊதாச் சிவப்பாக இருந்தது ஓரத்திலிருந்து செங்கல் நிறத்துக்கு மாறும். பழ வாசம் அடங்கி, புகையிலை வாசமும் தோல் வாசமும் எழும்பும். அப்போதுதான் பக்குவம்.

தோல் வாசம் என்று அவர் மெச்சிச் சொன்னபோது நானும் இன்னொரு தோழரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எந்த வாசத்தைச் சொல்லி நம்ம சனத்தை ஊருக்கு வெளியே வைத்தார்களோ, அந்த வாசத்துக்காக இருபது வருசம் காத்திருக்கிறார்கள்.

"பக்குவம் வந்தாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டேன்.

"தெறந்து பாக்குறதுதான். பன்னெண்டு புட்டி ஒண்ணா வாங்கினேன். ரெண்டு வருசத்துக்கு ஒண்ணு தெறப்பேன். நடுவுல சில வருசம் வாசமும் இருக்காது, ருசியும் இருக்காது. வாய மூடிக்கும். அப்ப விட்டுடணும். ரொம்பப் பிந்துனாலும் செத்துப் போயிடும்" என்றார்.

பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்கும் தோழர்" என்றார். புதுசில்லை. எங்க ஆயாவுக்குத் தெரிந்த வித்தைதான் இது.

எங்க ஊர் வேப்பூர்ப் பக்கம். வெள்ளிக்கிழமை சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயசு சொல்கிற ஊர். எங்க ஆயா கலயத்தின் வாயில் காதை வைத்துக் கள்ளுக்கு வயசு சொல்லும். கள்ளுக்கு வயசு வருசத்தில் இல்லை, மணியில். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பாளையிலிருந்து சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். பழைய கலயத்தின் மண்ணில் ஊறிக் கிடக்கிற நொதியே போதும். விடியலில் இறக்கினால் இனிப்பு. உச்சிப் பொழுதுக்கு இனிப்பும் புளிப்பும் சரிபாதி. அந்திக்குச் சுள்ளென்று ஏறும். மறுநாள் காலையில் காடி.

"கலயத்துல காத வச்சுக் கேளு. சொரசொரன்னு பேசிக்கிட்டே இருந்தா இன்னும் எளசு. நொர அடங்கி ஒண்ணு ரெண்டு பேச்சு பேசினா அதான் பருவம். பேச்சே இல்லன்னா மோந்து பாரு. மூக்குல குத்துச்சுன்னா கீழ ஊத்திடு சாமி" என்று சொல்லும்.

ஆயா குடிகாரி இல்லை. பின்னே எப்படிக் கற்றுக்கொண்டது? அது குடிக்கிற சுகத்தில் கற்ற வித்தை இல்லை. மல்லாட்டை பிடுங்கவும் கதிரடிக்கவும் போனால் கூலியோடு சேர்த்துக் கள்ளும் ஊற்றுவார்கள். அன்றைக்கு இறக்கியது ஊர்க்காரர்களுக்கு. நேத்து மிஞ்சியது நமக்கு. அதையும் பனையோலைப் பட்டையில் தூக்கி ஊற்றுவார்கள். கூலியில் அதுக்கும் ஒரு கழிவு. நேத்துக் கள்ளையே கண்ட சனத்துக்கு இன்னைக்குக் கள்ளு எது என்று தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஆயா ஒருமுறை செய்தது. 1971-ல் மதுவிலக்கை எடுத்து, கள்ளுக்கடை திறந்திருந்த காலம். களத்துமேட்டில் நின்று பட்டையை மூக்குக்கிட்டக் கொண்டுபோச்சு. அப்படியே தரையில் ஊத்திச்சு. "இது காடி. எனக்குக் காசாக் குடுங்க" என்று சொல்லிச்சு. நிலத்துக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் போகம் முழுக்க அந்தக் களத்தில் ஆயாவுக்கு வேலை இல்லை. தாத்தாவுக்கும் இல்லை. ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வருசம் வரகுக் கஞ்சியில் ஓடியது என்று அது சொல்லும்போது வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். புறநானூறு நடந்துகொண்டிருந்தது. மூங்கில் குழாயில் அடைத்து மண்ணில் புதைத்து முதிர வைத்த தேறலைப் பற்றி ஆசிரியர் உருகிப் பேசினார். அதியமான் அவ்வைக்கு ஊற்றிக்கொடுத்தது தமிழர் பண்பாடு என்றார். பாணனும் பறையனும் துடியனும் அந்தப் பாட்டுகளில் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைத்தது முதிர்ந்த தேறலா, நேத்துக் கள்ளா என்று நான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. "உங்களுக்குத்தான் தெரியும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஆசிரியரும் சிரித்தார். புத்தகத்தில் இருந்தால் தேறல், எங்க தெருவில் இருந்தால் குடி.

குடியை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்க அப்பா விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்த்தார். சூளையின் ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே சரக்கு வெந்துவிட்டதா என்று சொல்லிவிடுவார். ராத்திரி வீட்டுக்கு வந்து சாராயத்தைத் தரையில் கொஞ்சம் ஊற்றிப் பற்றவைப்பார். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. அவர் கண் நெருப்பை நம்பியது. காமாலை கண்டு, வயிறு ஊதி, 2000-ல் செத்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயசு. எனக்குப் பதினொன்று. கூலியைக் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்த ராத்திரிகளும் அந்தக் கணக்கில் சேரும். அம்பேத்கர் 1956-ல் நாகபுரியில் எடுக்க வைத்த இருபத்திரண்டு உறுதிமொழிகளில் மது தொடேன் என்பதும் ஒன்று. அது ஏன் என்று எங்க அம்மாவைக் கேட்டால் புத்தகம் வேண்டாம்.

சட்டமும் தன் பங்குக்கு விளையாடியது. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் போனது, 1974-ல் திரும்பியது, 1981-ல் மறுபடி போனது. 1983-ல் அரசே மதுவுக்குக் கழகம் அமைத்தது. 1987-ல் கள்ளும் சாராயமும் தடையாகி, புட்டிச் சரக்கு நின்றது. 2003-லிருந்து சில்லறைக் கடையும் அரசுடையது. கள்ளைத் தடுத்ததால் குடி நிற்கவில்லை. மூக்காலும் நாக்காலும் சோதிக்க முடிந்த ஒன்று போய், எதாலும் சோதிக்க முடியாத ஒன்று பாக்கெட்டில் வந்தது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். எங்க ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். மெத்தனால் கலந்த சாராயத்தில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பகுதி கூலிக்காரர்கள், நம்ம சனம். பெண்களும் இருந்தார்கள். தோழர்களோடு போனேன். பந்தல் இல்லாத வாசலைத் தேட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் எனக்கு அப்பாவின் தீக்குச்சி ஞாபகம் வந்தது. மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். வாசத்திலும் ருசியிலும் சாராயத்துக்கும் அதுக்கும் பேதம் கண்டுபிடிக்க முடியாது. குடித்த உடனே ஒன்றும் தெரியாது. உடம்புக்குள் போய் மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாறி, பல மணி நேரம் கழித்துக் கண்ணை மறைக்கும். ஆயாவே உயிரோடு வந்து காதை வைத்துக் கேட்டிருந்தாலும் அந்தப் பாக்கெட் பேசியிருக்காது.

"ருசி தெரியாம ஏன் குடிக்கிறாங்க" என்று டீக்கடையில் ஒருத்தர் கேட்டார். பதில் எனக்குப் புதுச்சேரியில்தான் கிடைத்தது. பன்னிரண்டு புட்டி வாங்கக் காசு வேண்டும். அவற்றைப் படுக்க வைக்கக் குளிர்ச்சியான அறை வேண்டும். திறந்து பார்த்து, இப்ப வேண்டாம் என்று தள்ளிவைக்க இருபது வருசம் கையில் இருக்க வேண்டும். பக்குவம் பார்ப்பது என்றால் வேண்டாம் என்று சொல்ல முடிவது. நண்பருக்கு அதைக் காசு கொடுத்தது. ஆயா அதற்கு ஒரு போகத்துக் கூலியைக் கொடுத்தது. அப்பாவிடம் அது இல்லை. கருணாபுரத்துக்கு அதை யாரும் விட்டுவைக்கவில்லை.

அன்றைக்கு நண்பர் என் பக்கமும் ஒரு தம்ளரை நகர்த்தினார். எடுத்து மோந்து பார்த்தேன். அவர் சொன்ன புகையிலை வாசம் இருந்தது. தோல் வாசமும் இருந்தது, பொய்யில்லை.

"வேணாம் தோழர்" என்று வைத்துவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் என் வேலையும் போகவில்லை.