உம்மாவின் ஜன்னல்

இடுப்பெலும்பு முறிந்தபின் எம் தாயாரின் உலகம் ஒரு ஜன்னலளவாகச் சுருங்கிற்று. அதற்கப்பால் முருங்கை மரமும் அதில் வந்தமரும் பறவைகளுமே எஞ்சின. மதரஸா ஊதியத்துக்குள் அடங்கும் சிறிய பைனாகுலர் ஒன்றைத் தேடினோம்.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதே சிறந்ததென முதலில் எண்ணினோம். ஆனால் மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகும். எனவே 8 மடங்கும் 25 மில்லிமீட்டர் முன்வில்லையும் கொண்டதைத் தெரிவு செய்தோம். கண்ணாடி அணிந்தபடியே பார்க்க இயல்கிறதா, 3 மீட்டர் தொலைவிலும் காட்சி தெளிகிறதா எனக் கடையிலேயே சோதித்தோம்.

“சுப்ஹானல்லாஹ்! இந்தச் சின்னானுக்கு வாலடியில சிவப்பா வாப்பா?” என்று உம்மா வியந்தார்கள்.

சூரா அல்முல்கின் 19ஆம் வசனம் பறவைகளைப் பார்க்க அழைக்கிறது. அதைப் பல்லாண்டு ஓதிக்கொடுத்த நாம், அன்றுதான் நிமிர்ந்து பார்த்தோம்.