தேயிலைக்குள் ஒரு பெட்டி

குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் முதலில் வரும் கணக்கு, இரண்டு சுவர்களுக்கு நடுவே அடைபட்ட ஒரு துகள். ஷ்ரோடிங்கரின் 1926ஆம் ஆண்டுச் சமன்பாட்டை அதற்குப் போட்டால், துகளின் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்க முடியும் என்று வரும். பெட்டி நீண்டால் படிகள் நெருங்கும். பரீட்சைக்கான கணக்கு என்று பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். எனக்கு அது பொறுக்காது. கேமரன் மலையில் வளர்ந்த பிள்ளைகள் அதன் விடையை ஃபேக்டரியில் நிறமாகவே பார்த்திருக்கிறார்கள்.

1929இல் தொடங்கிய போ தோட்டத்திலும் சரி, சுங்கை பாலாஸிலும் சரி, வேலை ஒன்றுதான்: கொழுந்தை வாடவிட்டு, உருட்டிக் கசக்கி, காற்றுப்படப் பரப்புவது. பச்சை இலை செம்பு நிறமாகும். கொழுந்திலுள்ள கேட்டச்சின் என்ற வேதிப்பொருளுக்கு நிறமே கிடையாது. அதன் எலக்ட்ரான்கள் தனித்தனிக் கார்பன் வளையங்களில் அடைபட்டிருக்கின்றன. பெட்டி சிறிது, படி பெரிது. ஏறுவதற்குப் புற ஊதா ஒளி வேண்டும். கசங்கிய இலையில் நொதியும் ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு கேட்டச்சின்களைப் பிணைத்துத் தியாஃபிளேவின் ஆக்குகின்றன. அதில் ஆறு கார்பன் வளையமும் ஏழு கார்பன் வளையமும் ஒட்டியிருக்கும். எலக்ட்ரான்கள் இரண்டிலும் ஓடலாம். படி சுருங்கி, நீல ஒளியே போதுமாகிறது. நீலம் உறிஞ்சப்பட்டபின் நம் கண்ணுக்கு வருவது ஆரஞ்சுச் சிவப்பு. (தேத்தண்ணியின் கரும்பழுப்புக்கு இன்னும் பெரிய மூலக்கூறுகளும் காரணம்.)

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். பெட்டியை வளைத்து, கேட்டச்சினில் உள்ளதுபோல் ஆறு கார்பன் வளையமாக்குங்கள். கார்பன்களுக்கு இடையே 0.14 நானோமீட்டர், சுற்றளவு 0.84, ஓடும் எலக்ட்ரான்கள் ஆறு. படி ஏறத் தேவையான ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 194 நானோமீட்டர் என்று அரைப் பக்கத்தில் விடை வரும். புற ஊதாவேதான்! தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாயில் படித்து, ஆங்கிலப் பாடநூலோடு மல்லாடும் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த அரைப் பக்கத்தை முதல் வாரமே கொடுத்துவிட வேண்டும்.

விடுமுறைக்கு ரிங்லெட் வந்திருந்த ஒரு தம்பியிடம் இதைப் போட்டுக் காட்டினேன். கேட்டச்சின் உண்மையில் உறிஞ்சுவது 280 பக்கம் என்றதும் நிமிர்ந்தான்.

“ஏண்ணே இவ்வளவு வித்தியாசம்?”

“வளையத்தில் ஒட்டியிருக்கும் மற்ற அணுக்களை நாம் சேர்க்கவில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதையும் விட்டுவிட்டோம்.”

“அப்ப அதையும் சேத்துப் போடுவோம்ணே” என்று அடுத்த தாளை எடுத்தான்.